மூன்று பெட்டித் தண்டவாளம்

செந்தூலில், இருப்புப்பாதைத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த வட்டாரத்தில், ஒரு வரிசை வீட்டின் பின்னறையில் எட்டடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட ஒரு பலகை மேசை உண்டு. அதற்கு உரியவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். வகுப்பறையை விட்டு வந்து பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்னும் அக்கம்பக்கத்தார் அவரை வாத்தியார் என்றே அழைப்பர். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்த மேசைமீது மூன்று பெட்டிகள் இருந்தன. மூன்றிலும் தண்டவாளங்கள். உண்மையான தண்டவாளங்கள் அல்ல. விளையாட்டுப் புகைவண்டிகள் ஓடும் சின்னஞ்சிறு தண்டவாளங்கள். எனினும், அவற்றை விளையாட்டு என்று அவர் எதிரில் சொல்லிவிட்டு எளிதில் வெளியேறிவிட முடியாது.

முதற்பெட்டி மரத்தாலானது. அதனுள் இருந்தவை 1960களில் இங்கிலாந்தின் டிரையாங் நிறுவனம் 'சூப்பர் 4' என்னும் பெயரில் விற்ற எஃகுத் தண்டவாளத் துண்டுகள். உடன் ஒரு கறுப்பு நீராவி இயந்திரம், மூன்று சரக்குப் பெட்டிகள். ஆசிரியரின் தந்தையார் மலாயா இரயில்வேயில் பாதை பராமரிக்கும் கூட்டத்திற்கு மண்டோராக இருந்தவர். 1964இல் பதவி முடிந்து தாயகம் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், தம் பிள்ளைகள் விளையாடி முடித்த அந்தப் பெட்டியை மண்டோரிடம் கொடுத்துச் சென்றார். அப்போது ஆசிரியருக்கு வயது பன்னிரண்டு.

இரண்டாவது பெட்டி, ஒரு கெஜத்திற்கும் சற்று நீளமான அட்டைப்பெட்டி. இங்கிலாந்தின் பீக்கோ நிறுவனம் செய்யும் வளையும் பாதை அதில் இருந்தது. இளம் ஆசிரியராக இருந்த 1980களில், சம்பளத்தில் மிச்சம் பிடித்து அஞ்சல்வழி வரவழைத்தது. ஒரு நீளத்தின் அளவு ஒரு கெஜம். திருமணம், வீட்டுக்கடன், பிள்ளையின் படிப்பு என்று செலவுகள் வந்தபோதெல்லாம் அந்தக் கெஜக்கணக்கு நின்றுபோகும், பிறகு தொடரும். மூன்றாவது பெட்டி புத்தம் புதியது. ஜப்பானின் நகோயா நகரில் பணிபுரியும் மகன், கோடை விடுமுறைக்குத் தாயுடன் தாத்தா வீட்டிற்கு வந்த ஒன்பது வயதுப் பேரனிடம் கொடுத்தனுப்பிய காட்டோ நிறுவனப் பாதை. சாம்பல் நிறக் கல்மேடையும் தண்டவாளமும் ஒன்றாய்ச் சேர்ந்தது. நுனியோடு நுனி வைத்து அழுத்தினால் சொடுக்கென்று பிணைந்துகொள்வது. பேரன் வந்த அன்றிரவே தரையில் வட்டம் அமைத்துச் சிவப்பு டீசல் இயந்திரத்தை ஓட்டிக்காட்டினான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நாற்பது ஆண்டுகளாக முடியாத மேசையை வைத்திருந்தவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தாத்தா, மூன்றையும் ஒன்றாகச் சேர்க்க முடியாதா?" என்று கேட்டான் பேரன்.

அன்றிரவு தொலைபேசியில் மகனிடம் அந்தப் பேச்சு போனது. மகன் பொறியாளன், வீண் வேலையை விரும்பாதவன். "எதற்கு அப்பா சிரமம்? ஒரே வகையாகப் போடுங்கள். இன்னும் இரண்டு பெட்டி அனுப்பிவைக்கிறேன். அந்தத் துருப்பிடித்த பழையதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்" என்றான். அறிவுரையில் பிழையில்லை. இத்தொழில் அறிந்த எவரும் புதிதாகத் தொடங்குபவனுக்குச் சொல்வது அதுதான்: ஒரே நிறுவனத்தின் ஒரே வகையை வாங்கு, தொல்லை இல்லை. ஆசிரியர் "பார்க்கலாம்" என்று மட்டும் கூறினார். அவருடைய மாணவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும். அது மறுப்பு.

தண்டவாளத்தைத் தூக்கி எறிவது என்பது அந்தக் குடும்பத்தில் நடவாத காரியம். மண்டோர் தம் இருபத்தொன்றாம் வயதில் சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர். 1942, 43ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தூரம் அமைத்த அந்தப் பாதையில் மலாயாத் தமிழர் எத்தனை ஆயிரம் பேர் மடிந்தனர் என்பதை இந்நூலைப் படிப்போருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. உயிருடன் திரும்பியவர்களுள் பலரைப் போலவே அவரும் அதைப்பற்றி வாய் திறந்ததில்லை, ஒன்றைத் தவிர. தண்டவாளத்தின் இடுப்புப் பகுதியில், அதை உருட்டிய ஆலையின் பெயரும் ஆண்டும் எடையும் புடைப்பாக எழுந்திருக்கும். மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையில் நெடுந்தூரத்தைப் பெயர்த்தெடுத்த ஜப்பானியர் அந்தத் தண்டவாளங்களைச் சயாமுக்குக் கொண்டுசென்றனர். காட்டின் நடுவே ஒருநாள் தோளில் சுமந்த தண்டவாளத்தின் எழுத்துகளைத் தடவிப் பார்த்த இளைஞர், அது தம் கூட்டம் பராமரித்த வகையைச் சேர்ந்தது என்று கண்டுகொண்டாராம். "நம்ம ஊர்த் தண்டவாளம்" என்று சொல்லி நிறுத்திவிடுவார். அதற்குமேல் அவரிடம் எவரும் கேட்டதில்லை.

அதனால்தான் வெள்ளைக்காரர் கொடுத்த பெட்டியையும் அவர் விளையாட்டுப் பொருளாகக் கருதவில்லை. முதல்நாள் மாலை வீட்டு முன்திண்ணையில் பையன் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, வேலையிலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் குனிந்து, கன்னம் சிமெண்டில் படும்படி ஒரு கண்ணை மூடித் தண்டவாளத்தின் தலையை நீளவாக்கில் பார்த்தார். இரயில்பாதை வேலையில் கோட்டம் பார்க்கும் முறை அதுதான். பார்த்துவிட்டு, இடக்கையை லேசாக அசைத்தார். பையனுக்குப் புரிந்தது. இரண்டாவது துண்டை இடப்பக்கம் நகர்த்தினான்.

மூன்று வகைகளையும் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு முதல் விடை எளிது. மூன்றிலும் இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 16.5 மில்லிமீட்டர். மூன்றும் இருதண்டவாள முறையில் 12 வோல்ட் நேர்மின்சாரம் கொண்டு வண்டியை ஓட்டுபவை. ஜெர்மனியின் மெர்க்ளின் பாதையைப் போல நடுவில் தனியே ஒரு மின்வழி இருந்திருந்தால் பேச்சே எழுந்திராது.

அகலத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு பொய்யையும் சொல்லிவிடவேண்டும். மலாயாவின் பாதை ஒரு மீட்டர் அகலம், அதாவது 1,000 மில்லிமீட்டர். ஆங்கில மாதிரிகள் 76இல் ஒரு பங்கு என்னும் அளவில் செய்யப்படுபவை; 16.5 மில்லிமீட்டரை அந்த அளவால் பெருக்கினால் 1,254 வருகிறது. மலாயாவிற்கு இது கால் மீட்டர் அதிகம்; இங்கிலாந்தின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கோ குறைவு. ஜப்பானியரும் தம் 1,067 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் வண்டிகளை 80இல் ஒரு பங்காகச் செய்து இதே 16.5இல் ஓட்டுகின்றனர். ஆகவே மூன்று நாட்டுப் பொய்களும் ஒரே அகலத்தில் வந்து நிற்கின்றன. மண்டோரின் மகனுக்கு இது உறுத்தாமல் இல்லை. ஆனால் அகலத்தை மாற்றினால் மூன்று பெட்டிகளையும் மூடிவைக்க வேண்டியதுதான். கணக்கை நோட்டில் எழுதி, அடியில் கோடிட்டு, அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

சிக்கல் அகலத்தில் இல்லை, உயரத்தில் இருந்தது. மாதிரித் தண்டவாளத்தின் உயரத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கணக்கிட்டுக் 'கோட்' என்று வழங்குவர். பீக்கோ வளைபாதை கோட் 100. அதாவது அங்குலத்தில் பத்தில் ஒன்று, 2.54 மில்லிமீட்டர். பேரனின் காட்டோ பாதை கோட் 83, 2.11 மில்லிமீட்டர். எஃகுத் தண்டவாளமோ இவ்விரண்டிலும் உயரமானது. கோட் 100ஐ 76ஆல் பெருக்கினால் உண்மைப் பாதையில் ஏழரை அங்குலத்திற்கு மேற்பட்ட தண்டவாளம் ஆகிறது. கெஜத்திற்கு 80 இராத்தல் எடையுள்ள மெய்யான தண்டவாளம் ஐந்தங்குலத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவே. ஆகவே, மாதிரியில் உயரம் குறையக் குறைய உண்மைக்கு அருகில் வருகிறது என்று பொருள்.

பீக்கோவிற்கும் காட்டோவிற்கும் வேறுபாடு 0.43 மில்லிமீட்டர். பள்ளி நோட்டுப் புத்தகத்தின் நான்கு தாள்களை அடுக்கினால் ஏறத்தாழ அவ்வளவு கனம் வரும். நான்கு தாள் உயரம் நமக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த வண்டியின் சக்கர விளிம்பே ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதற்கு அது வாசற்படி.

அந்த இணைப்பை முடிக்க ஆசிரியருக்கு இரண்டு மாலைகள் ஆயின. காட்டோ பாதையின் நுனியிலிருந்த சொடுக்கு இணைப்பானைக் கழற்றினார். கோட் 100 தண்டவாளத்தின் அடியில் சாதாரண இணைப்புத் தகட்டைப் பாதிவரை செருகினார். வெளியே நீண்டிருந்த மறுபாதியைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கினார். அந்தத் தட்டைமேல் கோட் 83 தண்டவாளத்தின் பாதத்தை வைத்து ஈயம் பற்றவைத்தார். தகட்டின் கனம் உயரக் குறைவில் ஒரு பகுதியை நிரப்பியது. மீதியைப் பித்தளைத் தகட்டுச் சீவலும் ஈயமும் நிரப்பின. பக்கத்துப் பிளாஸ்டிக் கட்டைகள் உருகாதிருக்க இருபுறமும் ஈரப்பஞ்சு வைத்தார். கல்மேடையுள்ள பாதையும் மேடையில்லாத பாதையும் ஒரே மட்டத்திற்கு வர, பீக்கோ பாதைக்கு அடியில் கார்க் தகடு ஒட்டினார். இதைப் பொழுதுபோக்கு என்போர் ஒருமுறை சூட்டுக்கோலைக் கையில் பிடித்து, மூச்சையும் பிடித்துப் பார்க்கவேண்டும்.

நீளங்களும் ஒத்துப்போகவில்லை. காட்டோவின் நேர்த்துண்டு 246 மில்லிமீட்டர். எத்தனை துண்டு சேர்த்தாலும் மேசையின் எதிர்ப்பக்கத்தில் விரற்கடை அளவு வெளி எஞ்சியது. அங்கேதான் வளைபாதை கைகொடுத்தது. அதற்கென்று குறித்த நீளம் கிடையாது. வேண்டிய அளவுக்கு வெட்டி, வேண்டிய பக்கம் வளைத்துக்கொள்ளலாம். பேரன் அளந்தான்; தாத்தா நுண்வாளால் அறுத்தார். வெட்டிய துண்டைப் போட்டபோது இருபுறமும் ஒரு தாள் கனத்திற்கு இடைவெளி இருக்கட்டும் என்றார். நம் நாட்டில் வீட்டுக்குள் வெயில் ஏறி இறங்குவது குறைவுதான். ஆனால் ஈரக்காற்றில் பலகை உப்பும், சுருங்கும்.

ஆக, பெரிய வட்டம் பேரனுடையது. அதிலிருந்து பிரிந்து செல்லும் பாதையும் பிரிவுத் துண்டுகளும் தாத்தாவினுடையவை. மண்டோரின் எஃகு எங்கே போவது?

எஃகுப் பாதைக்கு எதிரான வாதங்கள் வலுவானவை. முதலாவது, துரு. புதிய இரண்டும் நிக்கல் சில்வர் என்னும் கலப்பு உலோகம். நம் வீட்டுச் சமையலறைகளில் ஜெர்மன் வெள்ளி என்று பெயர் பெற்றது அதுதான். செம்பும் துத்தநாகமும் நிக்கலும் உண்டு, வெள்ளி ஒரு பொட்டும் இல்லை. அது மங்கினாலும் மின்சாரம் செல்லும். எஃகு நம் காற்றில் ஒரு வாரம் துடைக்காமல் இருந்தால் பழுப்பேறும். இரண்டாவது, சக்கரங்கள். பழைய இயந்திரத்தின் சக்கர விளிம்புகள் ஆழமானவை. கோட் 83 பாதையில் விட்டால் தண்டவாளத்தைப் பற்றியிருக்கும் சிறு முளைகளில் டக்டக்கென்று இடித்துக்கொண்டே போயின. பீக்கோ பிரிவுத் துண்டில் நுழைந்தபோது சிக்கிக்கொண்டு நின்றது.

எனினும் அந்த இயந்திரத்திற்கும் எஃகிற்கும் ஒரு பழைய உறவு உண்டு. டிரையாங் நிறுவனத்தார் சில இயந்திரங்களில் காந்தம் பொருத்தியிருந்தனர். சக்கரங்கள் எஃகுத் தண்டவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், சரிவில் வழுக்காது. பேரன் ஒரு பலகையைச் சாய்த்துவைத்துச் சோதித்தான். எஃகின்மேல் மூன்று பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு ஏறியது. அதே சரிவில் நிக்கல் சில்வர் பாதையைப் போட்டபோது சக்கரம் சுழன்றது, வண்டி நகரவில்லை. "பழைய ரோடு இல்லாவிட்டால் இந்த வண்டியும் இல்லை" என்றான் சிறுவன், தன் நகோயாத் தமிழில். தொலைபேசியில் மகனுக்குச் சொல்லப்படவேண்டிய விடை அதுவாகவே இருந்தது. ஆனால் ஆசிரியர் அதைச் சொல்லவில்லை. வேலை ஒழுங்காக அமையாவிட்டால் உறவு காரணம் காட்டி எதையும் வைத்துக்கொள்வதில்லை என்று அவர் முடிவு செய்திருந்தார்.

இடம் கிடைத்தது தந்தையின் பேச்சிலிருந்து. தலைப்பாதையில் உழைத்துத் தேய்ந்த தண்டவாளத்தை இரயில்வே எறிந்துவிடாது. தேய்மானம் பார்த்துக் கிளைப்பாதைக்கும், அங்கிருந்து ஒதுக்குப் பாதைக்கும் அனுப்பிவிடும். விரைவு வண்டி தாங்காதது சரக்கு வண்டியைத் தாங்கும். எனவே எஃகு ஒதுக்குப் பாதைக்குச் செல்வது முறைதான். ஆனால் கண்ணுக்கு அது முறையாக இல்லை. மெய்யான ஒதுக்குப் பாதையில் தண்டவாளம் சிறியது, தாழ்ந்தது. இங்கோ எல்லாவற்றிலும் உயரமான தண்டவாளம் ஒதுக்குப் பாதையில் எழுந்து நிற்கும். பேரனுக்கு வேறுபாடு தெரியாது. மேசையைப் பார்க்க வரும் நண்பர்களுக்கும் தெரியாது. மண்டோர் வீட்டில் வளர்ந்தவருக்குத் தெரியும்.

மூன்று நாள் மேசைப் பக்கம் போகாமல் இருந்தார். நான்காம் நாள் விடியற்காலையில் எழுந்து, 'துறைமுகம்' என்று ஒரு தாளில் எழுதிவைத்தார். தந்தையார் ஓராண்டு போர்ட் சுவெட்டன்ஹாமில் வேலை செய்தவர். 1901இல் திறக்கப்பட்டு, 1972 முதல் போர்ட் கிள்ளான் என்று வழங்கும் அதே துறைமுகம். கப்பல்துறை மேடைகளில் தண்டவாளம் தரைக்குமேல் நிற்பதில்லை. லாரிகளும் தள்ளுவண்டிகளும் குறுக்கே போகவேண்டும் என்பதால், தளத்தைத் தண்டவாளத்தின் தலைமட்டம்வரை உயர்த்தி, சக்கர விளிம்பு ஓட மட்டும் பள்ளம் விட்டிருப்பார்கள். தலை மட்டும் தெரியும் தண்டவாளத்தின் உயரத்தை யார் அறிவார்? அதுமட்டுமன்று, உயரமான தண்டவாளத்திற்கு ஆழமான பள்ளம் கிடைக்கும். ஆழ்விளிம்புச் சக்கரங்களுக்கு வேண்டியதும் அதுவே. குறை என்று கருதியது அங்கே வசதியாயிற்று.

முதல் முயற்சி வீணாயிற்று. தளத்தைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் குழைத்து ஊற்றினார். பார்வைக்கு அசல் கான்கிரீட். ஐந்தாம் நாள் தண்டவாளத்தின் ஓரமெங்கும் செம்பழுப்பு நிறத்தில் கறை பரவியது. ஈரக்கலவையில் எஃகைப் புதைத்தால் என்னாகும் என்று ஆறாம் வகுப்பு மாணவனும் சொல்வான். அவ்வகுப்புக்கு அறிவியல் நடத்தியவர் மறந்துபோனார். அத்தனையையும் பெயர்த்தெடுத்து, உளியால் சுரண்டி, மீண்டும் மெல்லிய பிளாஸ்டிக் தகடுகளால் தளம் அமைத்தார். தகட்டை தலைமட்டத்திற்கு ஒரு மயிரிழை தாழ்த்தி ஒட்டினார். இல்லையேல் தண்டவாளத்தைத் துடைக்க முடியாது. துடைப்பதற்கு மணல்தாள் கூடாது. அது கீறும்; கீறலில் அழுக்குச் சேரும். பள்ளிக்கூட அழிப்பான்தான் நல்லது. வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

எஃகும் பீக்கோவும் சந்திக்கும் இடம் ஒன்றே ஒன்று. செம்புத்தகடு ஒட்டிய அட்டைப்பட்டையைக் கட்டைபோல் குறுக்கே வைத்து, இரு பக்கத் தண்டவாளங்களையும் அதன்மேல் பற்றவைப்பது அவர் தேர்ந்த முறை. பட்டையின் நடுவே செம்பைக் கீறிப் பிரித்துவிடவேண்டும்; இல்லாவிட்டால் மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிடும். பீக்கோவின் கீழ்ப் பித்தளைச் சீவல்கள் வைத்து உயரத்தைச் சமன்செய்தார். பற்றவைக்க வசதியாக எஃகுப் பாதையின் கடைசி இரண்டு கட்டைகளை நீக்கியிருந்ததால், தண்டவாள நுனிகள் சற்று அசைந்து கொடுத்தன. இரண்டின் தலைகளும் நடுவோடு நடு நேராக வருமாறு பார்த்துப் பற்றவைத்தார். கட்டைவிரலால் மேலே தடவினார். தட்டவில்லை. இணைப்புத் தகட்டையே நம்பாமல், ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே மின்கம்பியும் கீழிருந்து கொடுத்தார்.

பிறகு பேரனிடம் ஒரு நிபந்தனை சொன்னார். சிவப்பு டீசல் நான்கு பெட்டிகளுடன் துறைமுகத்திற்குள் போகவேண்டும்; திரும்பி வரவேண்டும். நூறு முறை இணைப்பைக் கடக்கவேண்டும். ஒருமுறை தடம் புரண்டாலும் துறைமுகம் கிடையாது. எஃகு பெட்டிக்குத் திரும்பும்.

"அப்பா சொன்னபடி வீசிவிடுவீர்களா?"

"முதலில் எண்ணு."

ஏழாவது கடப்பில் இரண்டாம் பெட்டி புரண்டது. ஆசிரியர் ஒன்றும் பேசாமல் அதைத் தூக்கிவைத்தார். நிபந்தனையை அவர் நினைவூட்டவில்லை. பேரனும் மறந்தவன்போல் இருந்தான். பத்தொன்பதாவதில் மீண்டும் புரண்டது. முப்பத்தேழில் மீண்டும். சிறுவன் வாய்க்குள் ஜப்பானிய மொழியில் எண்ணி, நோட்டில் இலக்கமாகக் குறித்துவந்தான். ஆசிரியர் மின்விசையை நிறுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். நாற்பதாண்டு மேசைக்கு முன்னால் எழுபத்தொரு வயது திடீரென்று கனத்தது. எழுந்து மரப்பெட்டியின் மூடியைத் திறந்துவைத்தார்.

"தாத்தா, எல்லாம் ஒற்றைப்படை" என்றான் பேரன்.

"என்ன?"

"7, 19, 37. உள்ளே போகும்போதுதான் விழுகிறது. வெளியே வரும்போது விழவில்லை."

ஆசிரியர் நோட்டை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு, இணைப்பின் முன் குனிந்து, கன்னத்தைப் பலகையில் வைத்தார். உயரத்தில் குறையில்லை. பக்கவாட்டில் பார்த்தார். எஃகுத் தண்டவாளம் உயரம் மட்டுமன்றித் தலையிலும் அகலமானது. நடுவோடு நடு சேர்த்ததால் அதன் உள்விளிம்பு பீக்கோவின் உள்விளிம்பைவிட ஒரு நூலளவு பாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. மறுபக்கமும் அப்படியே. உள்ளே போகும் சக்கரத்திற்கு அது முகத்தில் இடிக்கும் நிலை. வெளியே வரும் சக்கரத்திற்கோ அது விலகிச்செல்லும் சுவர்.

1964க்குப் பிறகு ஏதோவொரு ஞாயிற்றுக்கிழமை. 80 இராத்தல் தண்டவாளமும் 60 இராத்தல் தண்டவாளமும் சந்திக்கும் ஓரிடத்தில் தந்தையார் நின்றார். ஒரு பாதி பெரியதற்கும் மறுபாதி சிறியதற்குமாக அமைந்த பிணைப்புத் தகடுகளைக் கூட்டத்தார் மாட்டிக்கொண்டிருந்தனர். வெளிப்பக்கம் பார்த்தால் படி போலத் துருத்திக்கொண்டிருந்தது. கோணலாக இருக்கிறதே என்று பையன் கேட்டான். தந்தையார் அளவுகோல் இரும்பை இரு தண்டவாளங்களின் உட்புறத்திற்கும் இடையில் வைத்துக் காட்டினார். "வெளிப்பக்கம் எப்படியும் இருந்துட்டுப் போகட்டும் தம்பி. சக்கரம் அதைப் பார்க்காது. உள்பக்கம் ஒட்டணும்."

ஆசிரியர் சூட்டுக்கோலைச் செருகிக் காயவைத்தார். ஈயத்தை இளக்கியதும் எஃகு நுனிகள் தாமாகவே சற்று வெளியே விலகித் தம் பழைய அகலத்திற்குப் போய் நின்றன. அவற்றை நடுவுக்கு இழுத்துப் பிடித்துப் பற்றவைத்தது இவருடைய கைதான். இப்போது உள்முகங்களுக்கு இரும்பு அளவுகோலை நேராக வைத்துப் பற்றவைத்தார். எஃகின் உள்மூலையை அரத்தால் இரண்டு முறை தேய்த்தார். வெளிப்புறம் பார்வைக்கு இப்போது கோணலாகவே இருந்தது. அதைத் தளத்தின் தகடு மறைத்துக்கொண்டது.

இரண்டாவது எண்ணிக்கைக்குப் புதிதாக ஒரு நிபந்தனை சேர்ந்தது: வாய்விட்டு, தமிழில். பேரன் முதலில் முகம் சுளித்தான். பதினொன்று, பன்னிரண்டுவரை தயங்கினான். இருபதுக்குமேல் வேகம் பிடித்தான். நாற்பது கடந்தது. வண்டி புரளவில்லை. அறுபது கடந்தபோது அடுக்களையிலிருந்து மருமகளும் வந்து வாசற்படியில் நின்றாள். இருட்டத் தொடங்கியது. எவரும் விளக்கைப் போடவில்லை.

"எண்பத்தெட்டு... எண்பத்தொன்பது..."

சிவப்பு வண்டி துறைமுகத்தின் கடைக்கோடிவரை சென்று நின்றது. கறுப்பு இயந்திரம் பக்கத்துப் பாதையில் நின்றுகொண்டிருந்தது. ஆசிரியர் விசையை மறுபக்கம் திருப்பினார். நான்கு பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பை நோக்கி வந்தன.

"எண்பத்துப்பத்து!" என்றான் பேரன்.

"தொண்ணூறு" என்றார் ஆசிரியர், தண்டவாளத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.